பழைய வீடியோ கேமும் அஞ்சு வயசும்

ஹாஸ்டலில் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். "நம்ம காலத்து கேம் மாதிரி வருமாடா?" மாரியோ, கான்ட்ரா, டாங்க், ஸ்கூல் கம்ப்யூட்டர் லேபில் மிஸ் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆடிய டேஞ்சரஸ் டேவ்... ஒவ்வொருத்தனும் ஒரு பெயரைச் சொல்லிப் பெருமூச்சு விடுவான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் அறையில் 2003-க்கு முன்னால் பிறந்தவன் ஒருத்தனும் கிடையாது. சூப்பர் மாரியோ வந்தது 1985-ல். டேஞ்சரஸ் டேவ் 1988-ல். எங்களில் பாதிப் பேரின் அப்பா அம்மா அப்போது ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எப்படி அது "நம்ம காலம்" ஆனது? அண்ணன் ஆடினான், பக்கத்து வீட்டு அண்ணா ஆடினார், அவர்கள் விட்டுப்போன டிவி கேமும் மஞ்சள் கேசட்டும் நம் கைக்கு வந்தது. அவ்வளவுதான். யாரும் நம்மை உட்கார வைத்து, "தம்பி, இது ஒரு பொற்காலம், கவனமா ஆடு" என்று வகுப்பு எடுக்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தப் பேச்சின் முடிவில் வழக்கமாக ஒரு சபதம் வரும். "எனக்குக் குழந்தை பிறந்தா பழைய கேம்தான் ஆட விடுவேன். போனைத் தொடவே விட மாட்டேன்." சபதம் எடுப்பவனுக்கு இன்னும் ஒரு பெண் 'ஹாய்'கூட அனுப்பவில்லை என்பது வேறு விஷயம் :-)

எனக்குக் குழந்தை இல்லை. ஆனால் அக்கா பொண்ணுக்கு அஞ்சு வயசு. லீவுக்குப் போகும்போதெல்லாம் பரணில் இருந்து அந்த டிவி கேமை இறக்கி ரெண்டு பேரும் ஆடுகிறோம். அதனால் இந்தச் சபதம் பற்றி எனக்குச் சில கருத்துகள் உண்டு. சின்னக் குழந்தைக்குப் பழைய கேமைக் காட்டலாம், காட்ட வேண்டும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் நம் ஆட்கள் சொல்லும் காரணத்துக்காக இல்லை. காட்டிய பிறகு அதை என்ன செய்வது என்பதைக் குழந்தையிடம் விட்டுவிட வேண்டும். இந்த ரெண்டாவது பாதிதான் நம் ஆட்களுக்குக் கசக்கும்.

முதலில் "பழைய கேம் எளிமையானது, பிள்ளைகளுக்கு நல்லது" என்ற பேச்சு. எளிமையாவது ஒண்ணாவது! அந்தக் கேம்களில் பாதி, கடைகளில் காசு போட்டு ஆடும் பெட்டிகளில் இருந்து வந்தவை. ஆடுபவன் ரெண்டு மூணு நிமிஷத்தில் செத்தால்தான் அடுத்த காசு விழும். அதனால் சாகடிப்பதற்கென்றே கட்டினார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குணம் போகவில்லை. கான்ட்ராவில் ஒரு குண்டு பட்டால் ஆள் காலி, மொத்தமே மூன்று உயிர்.

அதில் 30 உயிர் வாங்க ஒரு ரகசியம் உண்டு. மேலே மேலே கீழே கீழே இடது வலது இடது வலது, பி, ஏ. அதன் கதை தெரியுமா? கொனாமி கம்பெனியில் கசுஹிசா ஹஷிமோட்டோ என்பவர் 1986-ல் கிரேடியஸ் என்ற கேமை வீட்டு மெஷினுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். சோதித்துப் பார்க்க ஆட வேண்டும், ஆனால் அது அவருக்கே முடியாத அளவு கஷ்டமாக இருந்தது. தனக்காக ஒரு குறுக்கு வழி வைத்துக்கொண்டார். அது அப்படியே வெளியே போய், 2020-ல் அவர் இறந்தபோது உலகம் முழுக்க அதைச் சொல்லித்தான் அஞ்சலி எழுதினார்கள். செய்த மனுஷனுக்கே கஷ்டமாக இருந்த கேமை அஞ்சு வயசுக் குழந்தையிடம் நீட்டி, "ஏமாத்தாம ஆடு, அப்பத்தான் பொறுமை வரும்" என்று சொல்கிறார்கள் பாருங்கள், அவர்களுக்குக் கோயில் கட்டலாம்.

பழசாக இருப்பதாலேயே எதுவும் மருந்தாகிவிடாது. அப்படியானால் எதற்காகக் காட்ட வேண்டும்?

ஒரு காரணம், பழைய கேம் நம்மிடம் எதையும் கேட்காது. போனில் இலவசமாக வரும் குழந்தைகள் கேமை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு விளம்பரம். அதை மூடும் பெருக்கல் குறி, எறும்பு சைஸில் ஒரு மூலையில். தினமும் வந்தால் பரிசு, வராவிட்டால் அழுகிற முகத்தோடு ஒரு நாய்க்குட்டி. இதெல்லாம் தற்செயல் கிடையாது. 2022 டிசம்பரில், ஃபோர்ட்நைட் கேமை நடத்தும் எபிக் கேம்ஸ் கம்பெனி, அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையத்தோடு செய்துகொண்ட சமரசத்தில் 24.5 கோடி டாலரை ஆடியவர்களுக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. பட்டன்களைக் குழப்பமாக அமைத்து ஒரு அழுத்தலில் காசு போக வைத்தார்கள், பெற்றோருக்குத் தெரியாமலே பிள்ளைகள் வாங்க முடிந்தது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. குழந்தைகளின் விவரங்களைச் சேகரித்ததற்குத் தனியாக 27.5 கோடி டாலர் அபராதம்.

சூப்பர் மாரியோ மொத்தமே 40 கிலோபைட். நம் பெரியப்பா அனுப்பும் குட்மார்னிங் ரோஜாப்பூ படம் அதைவிடப் பெரியது. அந்த 40-க்குள் 32 கட்டங்கள், பாட்டு, மேகம், ஆமை எல்லாம் இருக்கிறது. உன்னிடம் காசு பிடுங்கும் யோசனை இல்லை, அதுதான் கேசட் விற்றபோதே முடிந்துவிட்டதே. நிறுத்தினால் நிற்கும். நாளைக்கு வராவிட்டால் கோபித்துக்கொள்ளாது. "போதும், சாப்பிட வா" என்று அக்கா கூப்பிட்டதும் சுவிட்சை அணைத்துவிட்டு எழுந்து போகலாம். (முழு நேர்மையோடு சொன்னால், எழுந்து போவது பாப்பாதான். "டேய், நீயும்தான்" என்று ரெண்டாவது குரல் எனக்கு வரும்.)

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியம். இந்தக் கேம்கள் உள்ளே எப்படி வேலை செய்கின்றன என்பதை ஒரு குழந்தை கண்டுபிடிக்க முடியும். பேக்மேன் 1980-ல் வந்தது. நாலு பேய்கள் சும்மா துரத்துவது போலத்தான் நமக்குத் தெரியும். ஆனால் அதைச் செய்த தோரு இவாதானியின் குழு ஒவ்வொரு பேய்க்கும் ஒரு குணம் வைத்திருந்தது. சிவப்பு நேராகத் துரத்தும். இளஞ்சிவப்பு, நாம் போகும் திசையில் நாலு கட்டம் முன்னால் போய் மடக்கப் பார்க்கும். ஆரஞ்சு இருக்கிறதே, அது கிட்டே வரும், ரொம்பக் கிட்டே வந்ததும் பயந்துகொண்டு தன் மூலைக்கே திரும்பிப் போய்விடும். இதை நான் பின்னால் ஒரு கட்டுரையில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பாப்பா படிக்கவில்லை. நாலாவது நாள், "மாமா, அந்த ஆரஞ்சு நல்ல பேய். அது என்னைப் பிடிக்காது" என்றாள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஜப்பானில் ஒருத்தர் யோசித்து வைத்ததை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பிள்ளை பாண்டியன் நகரில் பாயில் உட்கார்ந்து கண்டுபிடிக்கிறது. இது இன்றைய பெரிய கேம்களில் நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாலே நாலு பேயும் ஒரே ஒரு கட்டமும் இருக்கும் இடத்தில் சீக்கிரம் நடக்கும்.

மாரியோவின் முதல் காளான் இன்னொரு உதாரணம். கேள்விக்குறி போட்ட பெட்டியை முட்டியதும் வெளியே வருகிறது. அதற்குச் சற்று முன்புதான் அதே மாதிரி உருவம் உள்ள ஒரு எதிரியைப் பார்த்திருக்கிறோம். குழந்தை பயந்து ஓடும். பாப்பா ஓடினாள். ஆனால் காளான் குழாயில் முட்டித் திரும்பி நம்மை நோக்கியே வருகிற மாதிரி அந்த இடத்தை அமைத்திருக்கிறார்கள். தப்பிக்கப் பார்த்தாலும் பெரும்பாலும் மேலே பட்டுவிடும், பட்டதும் ஆள் பெரிதாகிவிடுவார். ஒரு வார்த்தை எழுதாமல் "இது நல்லது" என்று சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். தயவுசெய்து அந்த இடத்தில், "அது காளான், எடு எடு" என்று கத்தாதீர்கள். அது கேள்வித்தாளில் விடையை எழுதிக் கொடுக்கிற வேலை.

அப்புறம் துப்பாக்கி. வாத்து சுடும் துப்பாக்கியை அவளே பரணில் இருந்த பையில் கண்டுபிடித்தாள். எல்.இ.டி. டிவியில் எவ்வளவு சுட்டாலும் வாத்து விழாது. துப்பாக்கியில் கோளாறு இல்லை. விசையை அழுத்திய கணத்தில் திரை முழுக்கக் கறுப்பாகி, அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கியின் முனையில் வெளிச்சம் பார்க்கும் ஒரு கண் இருக்கிறது. கறுப்புக்குப் பிறகு வெள்ளை தெரிந்தால் சுட்டது சரி. அதாவது துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, டிவிதான் அதைச் சுடுகிறது! பழைய பெட்டி டிவி அந்த வெள்ளையை உடனே காட்டும். இப்போதைய டிவி படத்தை வாங்கி, யோசித்து, கொஞ்சம் தாமதமாகக் காட்டும், அதற்குள் காரியம் கெட்டுவிடும். இதைச் சொன்னதும் "அப்போ டிவிக்குத்தான் வயசாயிடுச்சா?" என்று கேட்டாள். நேர் தலைகீழ், ஆனாலும் யோசிக்க வைத்த கேள்வி.

சரி, கசப்பான பாதிக்கு வருவோம்.

ஆண்டி பேயோ என்று ஒரு அமெரிக்கர். 2014-ல் அவர் எழுதிய கட்டுரை இந்த விஷயத்தில் ரொம்பப் பிரபலம். மகனுக்கு நாலு வயது ஆனபோது பேக்மேனில் தொடங்கினார். பிறகு அட்டாரி, அதன் பிறகு நின்டென்டோ, அடுத்தது சூப்பர் நின்டென்டோ என்று, வீடியோ கேமின் வரலாறு எந்த வரிசையில் நடந்ததோ அதே வரிசையில் சில வருஷங்களுக்குள் ஆட வைத்தார். அந்தப் பையன் எட்டு வயதில், பெரியவர்களே திணறும் ஸ்பெலங்கியை முடித்துக் காட்டினான். படிக்க ஆசையாக இருக்கும் கட்டுரை. அவர்கள் ரெண்டு பேரும் அதைச் சந்தோஷமாகச் செய்தார்கள் என்பதிலும் சந்தேகம் இல்லை.

ஆனாலும் எனக்கு ஒரு நெருடல். இதைப் படித்துவிட்டு நாமும் செய்யப் போனால், நம் ஊரில் அது எப்படி மாறும் என்று யோசியுங்கள். கர்நாடக சங்கீத கிளாஸ், அபாகஸ் கிளாஸ், அதற்கு அப்புறம் மாரியோ கிளாஸ். "மூணாவது உலகம் முடிச்சியா? எதிர்வீட்டுப் பையன் முடிச்சிட்டானாம்." சிரிக்காதீர்கள், நடக்கும். எதையும் சிலபஸ் ஆக்கிவிடும் திறமை நமக்கு உண்டு. பிடித்ததை ஒருவருக்குக் காட்டுவது வேறு, அவருக்கும் அது பிடித்தே ஆக வேண்டும் என்று காத்திருப்பது வேறு. குழந்தைகள் இந்த ரெண்டாவதை நம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகின்றன. நமக்காகச் சிரிக்கவும் செய்கின்றன. அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

நான் கட்சி கட்டுவது மைக் மிக்கா பக்கம். இவர் பழைய கேம்களை இன்றைய மெஷின்களுக்குக் கொண்டுவருவதையே தொழிலாகச் செய்பவர். மகளுக்கு அப்போது மூன்று வயது. அப்பாவோடு உட்கார்ந்து டாங்கி காங் ஆடினாள். 1981-ல் வந்தது, மாரியோ முதலில் தலைகாட்டிய கேம் அதுதான். குரங்கு பாலின் என்ற பெண்ணைத் தூக்கிக்கொண்டு மேலே நிற்கும், மாரியோ உருளும் பீப்பாய்களைத் தாண்டி ஏறிப் போய்க் காப்பாற்ற வேண்டும். குழந்தை கேட்டது: நான் அந்தப் பெண்ணாக ஆடி மாரியோவைக் காப்பாற்ற முடியாதா?

நாமாக இருந்தால், "அப்படியெல்லாம் இல்லம்மா, கேம் அப்படித்தான்" என்று சொல்லி இருப்போம். அவர் 2013 மார்ச்சில் ராத்திரி கண்விழித்து, கேமின் உள்ளே போய், மாரியோவின் ஒவ்வொரு அசைவுக்கும் பாலினை வரைந்து, நிறத்தை மாற்றி, மேலே இருந்த 'எம்' எழுத்தைக்கூட 'பி' ஆக்கினார். காலையில் மகள் பாலினாக ஏறினாள். அதற்கு முந்தின வருஷம் கனடாவில் மைக் ஹோய் என்பவர் இதே மாதிரி, தன் மகளுக்காகச் செல்டா வரிசையில் விண்ட் வேக்கர் கேமின் வசனங்களில் கதாநாயகனைக் கதாநாயகியாக மாற்றினார். அதற்கு முன்பு, திரையில் வரும் வசனத்தை மகளுக்குப் படித்துக் காட்டும்போதே வாயால் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மிக்காவின் வீடியோவுக்கு வந்த பதில்களில் வாழ்த்தும் உண்டு, வசையும் உண்டு. ஒரு பழைய கேமின் நகலில் ஒரு பொம்மையின் கவுனை மாற்றியதற்கு, எங்கோ இருக்கும் பெரிய ஆட்களுக்கு அவ்வளவு கோபம்! ஒரிஜினல் அப்படியே இருக்கிறது, யாரும் அதை எரிக்கவில்லை. ஆனாலும் கோபம், ஏனென்றால் அது "நம்ம காலம்". வேடிக்கை என்னவென்றால் நின்டென்டோவே பின்னால் பாலினை விட்டுவிடவில்லை. 2017-ல் சூப்பர் மாரியோ ஒடிசியில் ஒரு நகரத்தின் மேயர் ஆக்கியது. 2025-ல் வந்த டாங்கி காங் பனான்ஸாவில் அதே குரங்கோடு தோழியாகச் சேர்த்து அனுப்பியது.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் சீக்கிரமே வந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டே ஆடினால், ஒவ்வொரு வினைச்சொல்லிலும் நாம் முடிவு செய்தாக வேண்டும். குதிச்சானா, குதிச்சாளா? "ஓடு, குதி" என்று கட்டளையாகவே சொல்லித் தப்பிக்கலாம், எவ்வளவு நேரத்துக்கு? எங்கள் வீட்டில் டாங்க் கேமில் மஞ்சள் டாங்க் "அவ", பச்சை டாங்க் "அவன்". யார் முடிவு செய்தது என்று சொல்ல வேண்டியதில்லை. எதிரி டாங்க் எல்லாம் "அது".

அந்த டாங்க் கேம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அசல் பெயர் பேட்டில் சிட்டி, நாம்கோ 1985-ல் வெளியிட்டது. நம் ஊரில் டாங்க் 1990 என்று மாற்றிய நகல்தான் எல்லாக் கேசட்டிலும் இருக்கும். கீழே நடுவில் ஒரு கழுகு, அதைச் சுற்றிச் செங்கல் சுவர், எதிரிகள் அதை உடைத்துக் கழுகைச் சுட்டால் ஆட்டம் முடிந்தது. அதன் முதல் திரையில் மூன்றாவதாக ஒரு வரி உண்டு, நாமே கட்டம் கட்டிக்கொள்ளலாம். செங்கல், இரும்பு, தண்ணீர், காடு எல்லாம் இருக்கும். நான் ஆடிய காலத்தில் அதை ரெண்டு தடவைக்கு மேல் தொட்டதில்லை, சண்டைதானே முக்கியம். பாப்பா சண்டையை விட்டுவிட்டு அதிலேயே குடியேறிவிட்டாள். கழுகைச் சுற்றி இரும்புச் சுவர். எதிரியின் குண்டு இரும்பை ஒன்றும் செய்யாது. சுவரைச் சுற்றி ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் காடு. "இப்ப யாரும் சாக மாட்டாங்க மாமா." ஆட்டம் தொடங்கியது. அரை மணி நேரம் கழுகுக்கு ஒன்றும் ஆகவில்லை, எங்களுக்கும் சுடுவதற்கு அவசரம் இல்லை.

ஹாஸ்டலில் இதைச் சொன்னபோது ஒருத்தன், "அப்ப அது கேமே இல்லையேடா, அந்தச் சவாலே போச்சே" என்றான். நியாயமான கேள்விதான். குழந்தைக்கு எல்லாவற்றையும் வளைத்துக் கொடுத்தால், கஷ்டமான ஒன்றை முட்டி மோதி வெல்லும் சுகம் எப்போது தெரியும்? என் பதில்: அந்தச் சுகம் வேண்டும் என்கிற பிள்ளை தானே தேடிப் போகும். 2023 டிசம்பரில் ஓக்லஹோமாவில் 13 வயதுப் பையன் ஒருத்தன், 1989-ல் வந்த நின்டென்டோ டெட்ரிஸை 157-வது கட்டம் வரை கொண்டுபோய், கேமே தாங்காமல் உறைந்து நிற்கும் இடத்தைத் தொட்டான். மனிதர் யாரும் அதற்கு முன் அங்கே போனதில்லை. அவன் பிறப்பதற்கு இருபது வருஷத்துக்கு முன்பே வந்த கேம் அது. அவனுடைய 'நம்ம காலம்' கிடையாது. கைகள் வலிக்க வலிக்க ஆட வேண்டும் என்று அவனே விரும்பினான். அஞ்சு வயசில் இரும்புச் சுவர் கட்டியவள் பன்னிரண்டு வயசில் கான்ட்ராவை மூன்று உயிரில் முடிக்கலாம், முடிக்காமலும் போகலாம். அப்போது அவளுக்கு வேறு ஏதாவது பைத்தியம் பிடித்திருக்கும், நமக்கென்ன.

ஆட வைக்கப் போகிறவர்களுக்கு, கையில் இருக்கும் அனுபவத்தில் ரெண்டு வார்த்தை. மாரியோவில் ரெண்டு பேர் ஆட்டம் என்றால் மாறி மாறித்தான், ஒருவர் செத்தால்தான் அடுத்தவருக்கு முறை. மாமா சாக வேண்டும் என்று ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வேண்டிக்கொள்வது நல்லா இருக்காது. ஒரே நேரத்தில் ரெண்டு பேரும் ஆடும் கேமாகப் பாருங்கள். டாங்கில் தவறி நம் ஆளையே சுட்டாலும் சாவு கிடையாது, கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பார், அவ்வளவுதான். அதுவே ஒரு விளையாட்டாகிவிடும், நான் பாதி நேரம் சிலையாகத்தான் நிற்கிறேன். கம்ப்யூட்டரில் எமுலேட்டர் வைத்து ஆடினால், செத்த இடத்துக்கு முன்னால் பின்னோக்கி ஓட்டும் வசதி உண்டு. தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஹஷிமோட்டோ கோபிக்க மாட்டார். டிவி கேம்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால், அதோடு வரும் ஒயர் ரொம்பக் குட்டை, குழந்தை டிவிக்கு மூக்கை ஒட்டி உட்கார வேண்டியிருக்கும். ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போகும்போது நீளமான ஏவி ஒயர் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.